எடித் கனக்காஒலே

எடித் கனக்காஒலே (அக்டோபர் 30, 1913 – அக்டோபர் 3, 1979) ஐக்கிய அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தைச் சேர்ந்த ஹூலா நடன ஆசிரியர், பாடலாசிரியர், ஓதுநர், கல்வியாளர் ஆவார். ஹவாய் மொழி பள்ளிகளிலிருந்து விலக்கப்பட்டிருந்த காலத்தில் பிறந்த இவர், ஹூலாவின் வழியாகவும் வாய்மொழிப் பாடல்களின் வழியாகவும் தாம் பெற்ற மரபறிவைப் பிற்காலத்தில் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கொண்டு சென்றார். 1953 ஆம் ஆண்டில் "ஹாலாவு ஒ கெக்குஹி" என்னும் ஹூலாப் பள்ளியை நிறுவினார். "அத்தை எடித்" என்று பொருள்படும் "ஆன்ட்டி எடித்" என்ற பெயரால் ஹவாய் மக்களிடையே பரவலாக அறியப்பட்டார். 2023 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க நாணயச்சாலை இவருடைய உருவம் பொறித்த கால் டாலர் நாணயத்தை வெளியிட்டது.

பின்னணி

ஹூலா என்பது ஹவாய்த் தீவுகளின் மரபுவழி நடனமாகும். நடனம் என்று கூறப்பட்டாலும் இதன் அடிப்படை சொல்லே. பாடலோ ஓதலோ இல்லாமல் ஹூலா இல்லை. கைகளும் கால்களும் இடுப்பும் பாடலின் பொருளையும் தாளத்தையும் புலப்படுத்துகின்றன. ஹவாய் மொழிக்கு 1820கள் வரை எழுத்து வடிவம் இருக்கவில்லை. அரச குலங்களின் வழிமுறை, கடவுளர் கதைகள், ஊர்ப் பெயர்கள், காற்று மற்றும் மழையின் வகைகள், செடிகொடிகளின் இயல்பு ஆகிய அனைத்தும் மனப்பாடமாகவே தலைமுறைதோறும் கையளிக்கப்பட்டன. அவற்றைத் தாங்கி நின்ற வடிவங்களுள் ஹூலாவும் ஒன்று.

1820 இல் கிறித்தவ மறைபரப்புநர்கள் ஹவாய்க்கு வந்தனர். ஹூலா பழைய சமயத்தோடு பிணைந்திருந்ததாலும், ஆடற்பெண்களின் உடை அவர்களுக்கு ஏற்புடையதாக இல்லாததாலும் அதனை அவர்கள் கண்டித்தனர். கிறித்தவத்தைத் தழுவிய அரசி கஅஹுமானு 1830 இல் பொது இடங்களில் ஹூலா ஆடுவதற்குத் தடை விதித்தார். எனினும் நாட்டுப்புறப் பகுதிகளில் ஆசிரியர்கள் தம் மாணவர்களுக்குத் தொடர்ந்து கற்பித்து வந்தனர். 1874 முதல் 1891 வரை ஆண்ட மன்னர் கலாக்கௌவா 1883 இல் நடந்த தமது முடிசூட்டு விழாவிலும் 1886 இல் நடந்த தமது 50 ஆவது பிறந்தநாள் விழாவிலும் ஹூலாவை அரங்கேற்றி, அக்கலைக்கு மீண்டும் மதிப்பளித்தார்.

1893 இல் ஹவாய் முடியாட்சி கவிழ்க்கப்பட்டது. 1898 இல் தீவுகள் ஐக்கிய அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டன. இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையில், 1896 இல் இயற்றப்பட்ட சட்டம் ஆங்கிலத்தையே பள்ளிகளின் பயிற்று மொழியாக்கியது. பள்ளியில் ஹவாய் மொழி பேசிய குழந்தைகள் தண்டிக்கப்பட்டனர். பெற்றோர் பலர் பிள்ளைகளின் எதிர்காலம் கருதி வீட்டிலும் ஆங்கிலத்துக்கு மாறினர். ஒரு காலத்தில் ஏராளமான செய்தித்தாள்களைக் கொண்டிருந்த இம்மொழியில், ஹீலோ நகரிலிருந்து வெளிவந்து கடைசிவரை நீடித்த "கா ஹோக்கூ ஒ ஹவாய்" இதழும் 1948 இல் நின்று போனது.

இதே காலத்தில் சுற்றுலாத் தொழில் வளர்ந்தது. விடுதிகளிலும் திரைப்படங்களிலும் ஆங்கிலப் பாடல்களுக்கு ஆடப்பட்ட ஹூலா உலகெங்கும் அறிமுகமானது. ஆட்டம் பரவியது, ஆனால் அது எதைச் சொல்ல உருவானதோ அந்தச் சொற்களை அறிந்தோர் குறைந்தனர். எடித் கனக்காஒலேயின் வாழ்க்கைப் பணி இந்த இடைவெளியிலேயே அமைந்தது.

இளமைக் காலம்

எடித் 1913 அக்டோபர் 30 அன்று ஹவாய்த் தீவிலுள்ள ஹோனோமு என்னும் ஊரில் கெனாவோ குடும்பத்தில் பிறந்தார். ஹவாய்த் தீவு அத்தீவுக் கூட்டத்தில் மிகப் பெரியதாகும். ஹோனோமு, ஹீலோ நகருக்கு வடக்கே கரும்புத் தோட்டங்களை நம்பியிருந்த சிற்றூர். அக்காக்கா அருவி இதன் அருகில் உள்ளது.

எடித்தின் தாயார் மேரி கெக்குவேவா, அக்கோனி மிக்கா என்னும் ஹூலா ஆசிரியரிடம் பயின்றவர். எடித் குழந்தைப் பருவத்திலேயே தாயாரிடமிருந்து ஹூலாவையும் ஓதல் முறையையும் கற்றார். இவருடைய முறையான கல்வி நடுநிலைப் பள்ளியோடு முடிந்தது. ஆனால் வீட்டில் ஹவாய் மொழியிலேயே கிடைத்த பயிற்சி, அன்றைய பள்ளிகள் கற்பிக்க மறுத்த அனைத்தையும் உள்ளடக்கியிருந்தது. பின்னாளில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு இவர் கற்பித்தவை இப்பயிற்சியின் வழியாகப் பெற்றவையே.

எடித், லூக்கா கனக்காஒலே என்பவரை மணந்தார். இவர்களுடைய பிள்ளைகளுள் புவலானி, நாலனி ஆகிய இரு மகள்களும் ஹூலா ஆசிரியர்களாக விளங்கினர்.

ஹூலா ஆசிரியர்

ஹூலா ஆசிரியர் ஹவாய் மொழியில் "குமு ஹூலா" எனப்படுகிறார். "குமு" என்னும் சொல்லுக்கு ஆசிரியர் என்ற பொருளோடு மரத்தின் அடி, மூலம் ஆகிய பொருள்களும் உண்டு. ஹூலாப் பள்ளி "ஹாலாவு" எனப்படும். நீண்ட கொட்டகையைக் குறிக்கும் இச்சொல் படகுகளை வைக்கும் கொட்டகைக்கும் வழங்குகிறது. மரபுவழிப் பள்ளியில் ஹூலாவின் தெய்வமான லக்காவுக்குப் பலிபீடம் அமைத்து, காட்டிலிருந்து கொண்டு வந்த இலை தழைகளால் அதனை அணி செய்வர். மாணவர்கள் ஆட்டத்தோடு பாடல்களையும், பாடல்களில் வரும் இடங்களையும், அணியும் தழைகளைப் பறிக்கும் முறையையும் கற்க வேண்டும். பயிற்சி நிறைவடைந்ததும் "ஊனிக்கி" என்னும் சடங்கு நடைபெறும்.

ஹூலாவில் இரு பெரும் பிரிவுகள் உண்டு. ஓதலுக்கும் மரபுவழித் தாளக் கருவிகளுக்கும் ஆடப்படுவது "காஹிக்கோ" என்னும் பழைய ஹூலா. கிட்டார், உக்குலேலே போன்ற கருவிகளுடன் இசைப்பாடலுக்கு ஆடப்படுவது "அவுவானா" என்னும் புதிய ஹூலா. பழைய ஹூலாவில் சுரைக்குடுவைகளால் செய்யப்பட்ட "இப்பு", சுறாத்தோல் போர்த்திய "பஹு" என்னும் மர முரசு ஆகியவை முதன்மையான கருவிகளாகும்.

1953 இல் எடித் "ஹாலாவு ஒ கெக்குஹி" பள்ளியைத் தொடங்கினார். 1950களில் தம் மகள் நாலனியின் பெயரைத் தாங்கிய ஹூலாக் குழுவுடன் ஐக்கிய அமெரிக்கா, கனடா, ஆசியா ஆகிய இடங்களுக்குப் பயணம் செய்தார்.

இப்பள்ளியின் தனி அடையாளம் "ஐஹாஆ" என்னும் ஆட்ட முறையாகும். இம்முறையில் ஆடுவோர் முழங்கால்களை நன்கு மடக்கி, உடலைத் தாழ்த்தி, நிலத்தை வலுவாக மிதித்து ஆடுவர். ஓதலும் தாழ்ந்த, உரத்த குரலில் அமையும். சுற்றுலா விடுதிகளில் காணப்படும் மென்மையான ஆட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு முதல் பார்வையிலேயே தெரியும்.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் இப்பள்ளி ஆடும் பாடல்களின் பொருளாகும். அவற்றுள் பெரும்பாலானவை எரிமலைத் தெய்வமான பெலேயையும் அவருடைய தங்கை ஹியியாக்காவையும் பற்றியவை. பெலேயின் உறைவிடமாகக் கருதப்படும் கிலாவெயா எரிமலை, ஹீலோவுக்குத் தென்மேற்கே அதே தீவில் உள்ளது. தொன்மக் கதையின்படி, காவாயி தீவிலிருந்து லோஹியாவு என்னும் தலைவனை அழைத்து வருமாறு பெலே தன் தங்கையை அனுப்புகிறாள். தன் லெஹுவா மரச் சோலைகளையும், தனக்கு நடனம் கற்பித்த தோழி ஹோப்போவேயையும் காக்குமாறு கேட்டுக்கொண்டு ஹியியாக்கா புறப்படுகிறாள். அவள் திரும்பத் தாமதமாகவே, பெலே சினங்கொண்டு சோலையை எரித்துத் தோழியையும் அழிக்கிறாள். எரிமலைக் குழம்பு காட்டை மூடுவதும், குளிர்ந்த பாறையில் லெஹுவா மரங்கள் மீண்டும் முளைப்பதும் இக்கதையில் இரு சகோதரிகளின் செயல்களாக அமைகின்றன.

ஹீலோ வட்டாரத்து மக்களுக்கு இது பழங்கதை மட்டுமன்று. எடித்தின் வாழ்நாளிலேயே 1935 இலும் 1942 இலும் மவுனா லோவா எரிமலையின் குழம்பு ஹீலோவை நோக்கிப் பாய்ந்தது. 1960 இல் கிலாவெயாவின் குழம்பு பூனா பகுதியிலிருந்த கப்போஹோ சிற்றூரை அழித்தது. நிலம் அழிவதையும் புதிதாக உருவாவதையும் கண்முன் கண்டவர்கள் பாடிய பாடல்கள் என்ற முறையில் பெலே ஓதல்கள் இயற்கையை உற்றுநோக்கிய பதிவுகளாகவும் விளங்குகின்றன. இக்கண்ணோட்டம் எடித்தின் கற்பித்தலில் முதன்மையான இடம் பெற்றது.

பாடலாசிரியர்

எடித் 1946 முதல் ஹவாய் மொழியில் ஓதல்களையும் பாடல்களையும் இயற்றத் தொடங்கினார். அவற்றுள் பலவற்றுக்குத் தாமே நடனமும் அமைத்தார். ஹவாய் மரபில் நடனமின்றி ஓதப்படுவது "ஓலி" எனவும், பாடல் பொதுவாக "மெலே" எனவும் வழங்கும். இப்பாடல்களில் வெளிப்படையான பொருளுக்கு அடியில் மற்றொரு பொருள் மறைந்திருப்பதுண்டு. இம்மறைபொருளை "கவோனா" என்பர். மழை, மலர், மாலை, கடல் ஆகியவற்றைப் பற்றிய சொற்கள் மனிதரையும் உறவையும் குறிப்பால் உணர்த்தும். மொழியை நன்கு அறியாதவருக்கு இப்பொருள் எட்டுவதில்லை. ஆகவே மொழி தேய்ந்தால் பாடல் இருந்தும் அதன் உட்பொருள் மறைந்துவிடும்.

இவருடைய பாடல்களுள் இரண்டு மிகவும் பரவலாக அறியப்பட்டவை.

"ஈ ஹோ மை" என்பது அறிவை வேண்டும் ஒரு சிற்றோதல். ஹூலா வகுப்பின் தொடக்கத்தில் மாணவர்கள் மனத்தை ஒருமுகப்படுத்தவும், பாடல்களில் மறைந்துள்ள அறிவு தமக்கு அருளப்பட வேண்டும் என்று கேட்கவும் இது பயன்பட்டது. வழக்கமாக மூன்று முறை ஓதப்படும். இன்று ஹூலாப் பள்ளிகளுக்கு வெளியிலும் ஹவாயின் வகுப்பறைகளிலும் கூட்டங்களிலும் விழாக்களிலும் தொடக்க ஓதலாக வழங்குகிறது. சில வரிகளே கொண்டதாகையால் ஹவாய் மொழியைப் புதிதாகக் கற்போர் முதலில் மனப்பாடம் செய்யும் ஓதல்களுள் ஒன்றாகவும் உள்ளது.

"கா உலுவேஹி ஒ கே காய்" என்னும் பாடல் கடற்கரையில் கடற்பாசி சேகரிப்பதைப் பற்றியது. ஹவாய் மக்களின் உணவில் கடற்பாசி முக்கிய இடம் பெற்றது. உண்ணத்தக்க பல்வேறு வகைகளை மணம், நிறம், வளரும் இடம் ஆகியவற்றைக் கொண்டு பிரித்தறிந்து தனிப் பெயர்களால் அழைத்தனர். அன்றாட வேலையொன்றையும் அதிலுள்ள மகிழ்ச்சியையும் பாடும் இப்பாடல் வகைகளின் பெயர்களையும் உடன் கற்பித்துவிடுகிறது. இனிய மெட்டினால் புதிய ஹூலாவுக்கு மிகவும் விரும்பப்படும் பாடல்களுள் ஒன்றாக விளங்குகிறது. பல ஹவாய் இசைக் கலைஞர்கள் இதனைப் பாடிப் பதிவு செய்துள்ளனர்.

எடித்தின் ஓதல்களும் கதைகளும் "ஹாஆகுஇ பெலே இ ஹவாய்" (1978), "ஹியிப்போய் இ கா ஆயினா அலோஹா" (1979) ஆகிய இரு இசைத்தட்டுகளாக வெளிவந்தன. இவ்விரண்டும் ஹவாய் இசைக்கான "நா ஹோக்கு ஹனோஹனோ" விருதினை மரபிசைப் பிரிவில் பெற்றன.

கல்விப் பணி

1970களின் தொடக்கத்தில், ஹீலோவின் கடற்கரைப் பகுதியான கெயவுக்கஹாவிலுள்ள அரசுப் பள்ளியில் மாணவர்களுக்கான ஹவாய் மொழித் திட்டத்தை உருவாக்குவதில் எடித் பங்கேற்றார். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான இத்தகைய திட்டங்களுள் இதுவே முதலாவது எனக் கருதப்படுகிறது. கெயவுக்கஹா, ஹவாய்ப் பழங்குடி மக்களுக்குக் குடியிருப்பு நிலம் வழங்கும் சட்டத்தின் கீழ் 1920களில் உருவான குடியேற்றமாகும்.

1971 முதல் 1974 வரை ஹவாய் சமுதாயக் கல்லூரியிலும், 1974 முதல் 1979 வரை ஹீலோவிலுள்ள ஹவாய்ப் பல்கலைக்கழகத்திலும் இவர் கற்பித்தார். இவர் உருவாக்கிய பாடங்கள் பின்வரும் துறைகளைச் சார்ந்தவை:

- மக்கள் வழக்கிலுள்ள தாவரவியல்
- பொலினீசிய வரலாறு
- குல வழிமுறை
- ஹவாய் ஓதல்களும் தொன்மங்களும்

இவை பல்கலைக்கழகத்தில் தனித்தனிப் பாடங்களாக அமைந்தபோதிலும், ஹூலா மரபில் ஒன்றோடொன்று இணைந்தவை. காட்டு மரத்தைப் பற்றிய ஓதலைக் கற்பவர் அம்மரத்தை இனங்காணவும், அது வளரும் நிலத்தின் பெயரை அறியவும், அதனோடு தொடர்புடைய தெய்வத்தின் கதையைச் சொல்லவும் வேண்டும். நடுநிலைப் பள்ளியோடு கல்வியை முடித்த ஒருவர் பல்கலைக்கழக ஆசிரியரானது, இவ்வறிவும் புலமையே என்பதை அக்கல்வி நிறுவனம் ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாகும்.

இக்காலம் "ஹவாய் மறுமலர்ச்சி" எனப்படும் பண்பாட்டு எழுச்சியின் காலமாகும். 1976 இல் "ஹோக்கூலேயா" என்னும் இரட்டை உடல் கொண்ட பாய்மரக் கலம், கருவிகளின் உதவியின்றி மரபுவழிக் கடலோடும் முறையில் தாகித்திக்குச் சென்று சேர்ந்தது. இளைஞர்கள் மொழியையும் பழைய ஹூலாவையும் நாடி வந்தனர். அவர்களுக்குக் கற்பிக்கக்கூடிய முதியோரோ மிகச் சிலரே எஞ்சியிருந்தனர். எடித் அவர்களுள் ஒருவர்.

1978 இல் திருத்தப்பட்ட மாநில அரசியலமைப்பு ஹவாய் மொழியை ஆங்கிலத்தோடு ஆட்சி மொழியாக்கியது. ஹவாய் மொழி, பண்பாடு, வரலாறு ஆகியவற்றைப் பள்ளிகளில் கற்பிக்கவும் வகை செய்தது.

மறைவும் தொடர்ச்சியும்

எடித் கனக்காஒலே 1979 அக்டோபர் 3 அன்று ஹீலோவில் காலமானார். ஹவாய்ப் பண்பாட்டுக்கும் கலைக்கும் ஆற்றிய வாழ்நாள் பணிக்காக அதே ஆண்டில் மாநிலத்தின் பண்பாட்டுத் தலைமைக்கான சிறப்பு விருது இவருக்கு வழங்கப்பட்டது.

இவருடைய மறைவின்போது ஹவாய் மொழியின் நிலை கவலைக்குரியதாகவே இருந்தது. 1980களின் தொடக்கத்தில் இம்மொழியைப் பேசும் சிறாரின் எண்ணிக்கை 50க்கும் குறைவு என மதிப்பிடப்பட்டது. 1983 இல் "ஆஹா பூனானா லேயோ" என்னும் அமைப்பு தொடங்கப்பட்டு, ஹவாய் மொழி மட்டுமே பேசப்படும் மழலையர் பள்ளிகளை நடத்தத் தொடங்கியது. 1986 இல் பள்ளிகளில் ஹவாய் மொழிவழிக் கல்விக்கு இருந்த சட்டத் தடை நீக்கப்பட்டது. 1987 இல் அரசுப் பள்ளிகளில் ஹவாய் வழி வகுப்புகள் தொடங்கப்பட்டபோது, தேர்ந்தெடுக்கப்பட்ட இரு பள்ளிகளுள் ஒன்று எடித் முன்னர் பணியாற்றிய கெயவுக்கஹா பள்ளியாகும். ஹீலோப் பல்கலைக்கழகத்தில் 1997 இல் ஹவாய் மொழிக்கெனத் தனிக் கல்லூரி நிறுவப்பட்டது.

"ஹாலாவு ஒ கெக்குஹி" பள்ளியின் பொறுப்பை மகள்கள் புவலானியும் நாலனியும் ஏற்றனர். 1993 இல் இவ்விருவருக்கும் ஐக்கிய அமெரிக்காவின் தேசியக் கலைகள் நல்கை நிறுவனம் தேசிய மரபுக் கலைஞர் விருதினை வழங்கியது. பெலே, ஹியியாக்கா கதையை முழுநீள மேடை நிகழ்ச்சியாக்கி "ஹோலோ மை பெலே" என்ற பெயரில் இப்பள்ளி 1995 இல் அரங்கேற்றியது. 2001 இல் அது பொதுத் தொலைக்காட்சி வழியாக ஐக்கிய அமெரிக்கா முழுவதும் ஒளிபரப்பப்பட்டது. எழுத்தில் இல்லாமல் வாய்வழியாகக் கற்ற ஓதல்கள் இதன் மூலம் பெரிய அளவிலான பார்வையாளர்களைச் சென்றடைந்தன.

1990 இல் குடும்பத்தினர் ஹீலோவில் எடித் கனக்காஒலே அறக்கட்டளையை நிறுவினர். ஹவாய் மரபறிவைப் பேணுவதும் கற்பிப்பதும் இதன் நோக்கங்களாகும்.

நினைவுச் சின்னங்கள்

ஹீலோவிலுள்ள உள்ளரங்கு ஒன்றுக்கு எடித் கனக்காஒலே அரங்கம் எனப் பெயரிடப்பட்டுள்ளது. ஹூலாவுக்கான மிகப் புகழ்பெற்ற போட்டியைக் கொண்ட "மெர்ரி மொனார்க்" விழா ஆண்டுதோறும் உயிர்த்த ஞாயிறை அடுத்து வரும் வாரத்தில் இங்கு நடைபெறுகிறது. மன்னர் கலாக்கௌவாவின் நினைவாக 1960களில் தொடங்கிய இவ்விழாவில் 1971 முதல் போட்டிகள் நடத்தப்படுகின்றன. "ஹாலாவு ஒ கெக்குஹி" பள்ளியினர் இவ்விழாவின் போட்டி அல்லாத புதன்கிழமை நிகழ்ச்சியில் நெடுங்காலம் ஆடி வந்துள்ளனர். ஹீலோப் பல்கலைக்கழகத்தின் கட்டடம் ஒன்றும் இவருடைய பெயரைத் தாங்கியுள்ளது.

ஐக்கிய அமெரிக்காவின் வரலாற்றில் இடம்பெற்ற பெண்களைச் சிறப்பிக்க 2022 முதல் 2025 வரை வெளியிடப்பட்ட கால் டாலர் நாணய வரிசையில், 2023 ஆம் ஆண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐவருள் எடித் ஒருவர். பெசி கோல்மன், எலனோர் ரூசவெல்ட், ஜொவீட்டா இடார், மரியா டால்சீஃப் ஆகியோர் மற்ற நால்வர். எடித்தின் நாணயத்தை எமிலி டாம்ஸ்ட்ரா வடிவமைத்தார். அதில் எடித்தின் கூந்தலும் தலையில் சூடிய மாலையும் படிப்படியாக ஹவாயின் மலையாகவும் நிலமாகவும் உருமாறுவது போல் காட்டப்பட்டுள்ளது. அறிவை வேண்டும் "ஈ ஹோ மை" ஓதலின் தொடக்கச் சொற்களும் ஹவாய் மொழியிலேயே நாணயத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. எடித் பிறப்பதற்கு 17 ஆண்டுகளுக்கு முன் பள்ளிகளிலிருந்து விலக்கப்பட்ட மொழி, அவர் இயற்றிய சொற்களாக நாட்டின் புழக்க நாணயத்தில் இவ்வாறு இடம்பெற்றது.